ஆறாம் வரியில் ஒரு பெயர்

மாற்றமில்லை என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். காலையிலிருந்து எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துறைத்தலைவர் ஞானதுரை சார் பேப்பரின் பெயரை வாசிக்கிறார், அதற்குப் பொறுப்பான ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு மாற்றமில்லை என்கிறார், பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் நாமினி கோதண்டம் சார் தலையை ஆட்டுகிறார், புதிதாகச் சேர்ந்த ஷிபானா லேப்டாப்பில் எதையோ தட்டுகிறாள், அடுத்தது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்கிற வேகம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற கல்லூரிப் பாடத்திட்டக் குழு இது. பதினான்கு பேப்பர், ஏழு பேர், ஒரு தட்டு மெதுவடை. என்னுடையது ஒன்பதாவது, நீர்வளப் புவியியல். இப்போது நான்காவது ஓடுகிறது. என் மடியில் கைப்பை இருக்கிறது, அதற்குள் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கிறது, இரண்டு கையையும் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன், என்னவோ அது எழுந்து ஓடிவிடும் என்பது போல. எல்லாரும் ஏசி குளிருகிறது என்கிறார்கள், எனக்கு முதுகெல்லாம் வியர்வை. ரூபாவதி, வாயைத் திறக்காதே. ரூபாவதி, இன்றைக்கும் திறக்கவில்லை என்றால் நீ மனுஷியே இல்லை. இரண்டும் என் குரல்தான். முதல் குரல் கொஞ்சம் படித்த குரல், நிதானமாகக் காரணம் சொல்கிறது. இரண்டாவதுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, திட்ட மட்டும் தெரிகிறது.

முப்பத்தொன்றாம் பக்கம், பார்வை நூல்கள், ஆறாவது வரி. ஜே. சந்தியாகு, 'கடைமடைக்கு வந்த தண்ணீர்'. பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது. அப்படி ஒரு புத்தகம் உண்டு, சந்தியாகு என்று ஒரு பெரிய பேராசிரியரும் இருந்தார், ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் எழுதவில்லை. எழுதியவர் சு. உலகம்மாள், தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்த டீச்சர். அவரை அந்த வரியிலிருந்து தள்ளிவிட்டவள் நான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதைய துறைத்தலைவி கையால் எழுதிக்கொடுத்த பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. புதிதாக வந்த ஆள்தான் அடிக்க வேண்டும், எழுதாத சட்டம். ஆறாவது வரியில் சந்தியாகுவும் அவருடைய மண்வளப் புத்தகமும், ஏழாவது வரியில் உலகம்மாளும் கடைமடையும். என் கண் ஆறாவது வரியில் பெயரை எடுத்துக்கொண்டு ஏழாவது வரியின் தலைப்புக்கு இறங்கிவிட்டது. படி இறங்கும்போது ஒரு படி தவறுவது போலத்தான், ஆனால் விழுந்தவர் வேறு ஆள். அடித்ததை ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வாசித்தது நான், ஒத்துப் பார்த்தது ஞானதுரை சார், அப்போது அவருக்குத் தலை நிறைய முடி. சந்தியாகு என்று நான் வாசித்ததும் மூலத்தைப் பார்க்காமலே "சார் புக்கா, சரியாத்தான் இருக்கும், அடுத்து" என்றார். அங்கேதான் என் மனசு போய்ப் போய் நிற்கிறது. மாறி நடந்திருந்தால்? சந்தியாகு சாருடைய மண்வளத்தை உலகம்மாள் பேரில் அடித்திருந்தால் பத்துப் பேர் துள்ளிக் குதித்திருப்பார்கள், அன்று மாலையே திருத்தியிருப்போம். பெரிய பெயருக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் ஒட்டிக்கொள்கிறது, சின்னப் பெயருக்குச் சொந்தப் புத்தகம்கூட ஒட்டுவதில்லை. சந்தியாகு சார் அதற்கு முந்தின வருஷமே காலமாகியிருந்தார். இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார், நல்ல மனுஷன், அடுத்தவர் குடையைக்கூட எடுத்துப் போகாதவர்.

ஐந்தாவது பேப்பர், மாற்றமில்லை. வரைபடவியல் பார்க்கிற சார் அதைச் சொல்லும்போது வாயில் வடை இருந்தது, யாரும் கவலைப்படவில்லை. இப்படித்தான் பரவியது. எங்கள் பட்டியலை அடுத்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்று எடுத்துக்கொண்டது, எடுத்தது என்றால் திருட்டு இல்லை, கேட்டு வாங்கி மேலே இருந்த கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். இருபது சதவீதத்துக்கு மேல் மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று காரணம் எழுத வேண்டும், காரணம் எழுத யாருக்கு நேரமிருக்கிறது, அதனால் எண்பது சதவீதம் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. அவர்களிடமிருந்து இன்னும் நான்கு கல்லூரிகள். பட்டியலில் இருப்பதால் கேள்வித்தாள் எடுக்கிறவர் இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி கேட்டார், கடைமடை விதியை வகுத்தவர் யார் என்று. ஒரு தடவை கேட்டால் கேள்வி, மூன்று தடவை கேட்டால் பாடம். கோதண்டம் சாருடைய வழிகாட்டி நூலில் அது வினாவிடையாகத் தடித்த எழுத்தில் வந்துவிட்டது. சந்தியாகுவின் கடைமடைச் சிந்தனை என்று கருத்தரங்கில் ஒரு பையன் கட்டுரையே படித்தான், நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். புத்தகத்தை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. நூலகர் தளவாய் அண்ணன் ஒவ்வொரு ஜூனிலும் ஆறு பிரதிக்கு ஆர்டர் போடுவார், ஒவ்வொரு ஆகஸ்டிலும் என்னிடம் வந்து "மேடம், சந்தியாகு சார் புக்கு இந்த வருசமும் இல்லையாம், அச்சுலயே இல்லன்னு எழுதியிருக்கான்" என்று அந்தச் சீட்டை நீட்டுவார். கிடைக்காதது என்றால் இன்னும் மதிப்பு. யாரும் படிக்காத புத்தகத்தை யாரும் குறை சொல்ல முடியாதே. விஷயம் மட்டும் வகுப்புக் குறிப்பாகக் கைமாறி, நோட்டிலிருந்து நோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இருக்கிறது. 'சந்தியாகு கூறுவது போல' என்று மூன்று இடத்தில். பக்க எண் வேறு போட்டிருக்கிறேன், ஐம்பத்தாறு. யாரோ போட்டிருந்த எண், அதை நான் போட்டேன், என்னைப் பார்த்து இன்னும் எத்தனை பேரோ. போன மாதம் நிஜப் புத்தகத்தின் ஐம்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அச்சகத்துக்காரருக்கும் சைக்கிள் பழுது பார்த்துக்கொடுத்தவருக்கும் நன்றி என்று இருந்தது.

சிரிப்பு வருகிறது, ஆனால் சிரிக்க முடியவில்லை, ஆறாவது பேப்பர் ஆரம்பித்துவிட்டது, அதோடு முத்துப்பேச்சி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். கடைசிக்கு முந்தின பெஞ்ச், ஜன்னலோரம், வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் கலைந்த பிறகு மேஜைக்கு வந்து இந்தப் பழுப்பு அட்டையை வைத்தாள். "மேடம், லீவுக்குப் போயிருந்தப்ப எங்க ஸ்கூல் பீரோவுல இத பாத்தேன். நம்ம சிலபஸ்ல உள்ள புக்குதான். ஆனா பேரு வேற போட்டிருக்கு." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது, யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்த சந்தோஷம். நான் அட்டையைப் பார்த்தேன். சு. உலகம்மாள். ஒரு நொடியில் அந்தப் பழைய கையெழுத்துப் பட்டியல், நீல மை, ஆறு, ஏழு, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நொடியிலேயே பொய்யும் வந்துவிட்டது, அதற்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து எழுதியிருப்பாங்கம்மா. ஒருத்தர் பேர் விட்டுப்போயிருக்கும்." "அட்டையில ஒரு பேருதான மேடம் இருக்கு?" "சரி, வச்சிட்டுப் போ, பார்க்கிறேன்." வைத்துவிட்டுப் போனாள். நான் பார்க்கவில்லை. ஸ்டாஃப் ரூம் மேஜையின் கீழ் டிராயரில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில், முகம் கவிழ்த்து வைத்தேன். ஐந்து மாதம். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேனா எடுப்பேன். இவ்வளவு படித்த பொம்பளைக்கு ஒரு புத்தகத்தைக் கண்டு பயம் என்றால் யார் நம்புவார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டிசம்பரில் விடைத்தாள் திருத்தினோம். பதிவெண்ணை மறைத்துத் தருவார்கள், யார் தாள் என்று தெரியாது, தெரியக் கூடாது. எட்டாவது கேள்வி, கடைமடை விதியை வகுத்தவர் யார். விடைக்குறிப்பில் சந்தியாகு. முப்பது தாளுக்கும் சந்தியாகு, சந்தியாகு, சந்தியாகு, இரண்டு மார்க், இரண்டு மார்க், கை அதுபாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. முப்பத்தொன்றாவது தாளில் 'சு. உலகம்மாள்' என்று இருந்தது. அடியில் ஒரு கோடு வேறு. எண்ணை மறைத்து என்ன பிரயோசனம், இந்த ஊரில் அந்தப் பெயரை எழுதக் கூடியவள் ஒருத்திதானே. சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் "என்ன மேடம், எழுத்து புரியலையா?" என்றார். புரிகிறது என்றேன். சைபர் போட்டேன். விடைக்குறிப்பில் இருக்கிறபடிதானே போட முடியும். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன், அந்த விடைக்குறிப்பை எழுதியதும் நானேதான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ரிசல்ட் வந்தது, முத்துப்பேச்சிக்கு எழுபத்து மூன்று. தாளின் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "மார்க்குக்கு இல்ல மேடம். அது தப்பா, சரியான்னு தெரிஞ்சுக்கிடலாம்னுதான்." நான் அப்போதும் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். பார்க்கிறேன், பார்க்கிறேன், என் வாயில் அந்தச் சொல் எவ்வளவு கேவலமாகிவிட்டது. அவள் "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரியாக எழுதின பிள்ளைக்குச் சைபர் போட்ட கை இது, இப்போது கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருக்கிறது.

ஏழாவது பேப்பரில் கொஞ்சம் தகராறு, நகரப் புவியியலில் ஒரு யூனிட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று. நல்லது, நடக்கட்டும், நேரம் போகட்டும். முத்துப்பேச்சி சரி மேடம் என்று போன அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கினேன், அதனால்தான் மறுநாள் காலையில் எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின தினமே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே திறந்தேன், மூன்று விசிலுக்குப் பதில் எட்டு விசில் வந்து சாதம் குழைந்துபோனது. அறுபத்து நாலு பக்கம்தான். சனி ஞாயிறுகளில் சைக்கிளில் போய், பிள்ளைகளைக் கயிறு பிடிக்கச் சொல்லி, மூன்று குளத்தின் வாய்க்கால்களை அளந்திருக்கிறார். நாங்கள் பதினெட்டு வருஷமாக வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தோம்? தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைசி வயலுக்கு முதலில் பாய்ச்ச வேண்டும், அதுதான் நியாயம், அதுதான் கடைமடை விதி. நியாயம் என்று அந்த அம்மா ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அவர் எழுதியிருப்பது வேறு. கடைசி ஆளுக்கு முதல் முறை என்றால், மேலே இருக்கிற அத்தனை பேரும் வாய்க்காலைக் காவல் காப்பார்கள், ஏனென்றால் அவன் வயல் நனைந்தால்தான் அடுத்தவனுக்கு முறை வரும். யாரும் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, முறையை மட்டும் தலைகீழாக வைத்தால் போதும். குழைந்த சாதத்தைக் கிண்டிக்கொண்டே அடிப்பாவி என்று சத்தமாகச் சொன்னேன், உலகம்மாளையா என்னையா, தெரியவில்லை. இவ்வளவு நல்ல விஷயத்தை நாங்கள் படிக்காமலேயே சொல்லிக்கொடுத்து அதை ஒரு பொன்மொழி ஆக்கிவிட்டோம். இரண்டாவது தடவை பென்சிலோடு படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கையால் வரைந்த படம், பெரிய குளத்தின் மடைகள். கீழே எழுத்தில் மடை எட்டு என்கிறார். படத்தில் எண்ணினால் ஏழுதான் வருகிறது. விரல் வைத்து எண்ணினேன், பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன், ஏழு. எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். எங்கே போயிருக்கும் அந்த ஒன்று? இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் நடுநடுவே எண்ணிப் பார்க்கிறேன்.

எட்டாவது பேப்பர், மாற்றமில்லை. அடுத்தது என்னுடையது. படித்த குரல் திரும்ப வந்துவிட்டது. ரூபாவதி, யோசி. ஞானதுரை சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார், அடுத்த துறைத்தலைவி நீதான், கோதண்டம் சார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். உன் ஆய்வேட்டில் மூன்று இடத்தில் படிக்காத புத்தகத்தைச் சுட்டியிருக்கிறாய் என்று நீயே வாய்விட்டுச் சொல்லப் போகிறாயா? சந்தியாகு சாருடைய மாணவர்கள் மாவட்டத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள், சும்மா விடுவார்களா? வேண்டுமென்றால் சத்தமில்லாமல் ஆறாவது வரியை எடுத்துவிடு. ஒரு வரியை நீக்கினால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆமாம், அதுவும் செய்யலாம். தப்பும் போய்விடும், உலகம்மாளும் மிச்சமில்லாமல் போய்விடுவார். நேற்றைக்கு முழுக்க அந்த யோசனையில்தான் இருந்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. ஷிபானா என் பக்கம் குனிந்தாள். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, வரும் ஜூனிலிருந்து நீர்வளப் புவியியலை அவள்தான் எடுக்கப் போகிறாள். "மேடம், உங்க யூனிட் அஞ்சையும் பழசுல இருந்து அப்படியே காப்பி பண்ணி ஒட்டிட்டேன். ஒருதரம் பாக்கீங்களா?" லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ஆறாவது வரி அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. அவள் நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. அன்றைக்கு எனக்கும் அவள் வயசுதான். இனி இதை அவள் அடிப்பாள், அவள் விடைக்குறிப்பு எழுதுவாள், அவள் சைபர் போடுவாள், அதுவும் ஒன்றும் அறியாமல். என் தப்பை இந்தப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு நான் துறைத்தலைவி நாற்காலியில் உட்காரப் போகிறேனா? "நீர்வளப் புவியியல்" என்றார் ஞானதுரை சார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே. "ரூபாவதி மேடம். மாற்றமில்லைதானே?"

"மாற்றம் இருக்கு சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. கைப்பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். ஆறாவது வரி தப்பு, புத்தகம் சந்தியாகு சாருடையது இல்லை, இவங்களுடையது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டைப் அடிக்கும்போது நான் ஒரு வரி தவறி அடித்துவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன், நிறுத்தினால் அப்புறம் வராது என்று பயம். கோதண்டம் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேடம், என் கைடுல அதைத்தானே போட்டிருக்கேன். நாலு பதிப்பு வந்தாச்சு." "நீங்க புத்தகத்தைப் பார்த்திருக்கீங்களா சார்?" "பார்த்த மாதிரிதான் ஞாபகம்." சொல்லிவிட்டு அவரே ஒரு மாதிரி சிரித்துவிட்டார். "இல்ல மேடம். பார்த்ததில்ல." "நானும் பார்த்ததில்ல சார். பார்க்காமலே என் ஆய்வேட்டில மூணு இடத்துல எழுதியிருக்கேன்." சொல்லிவிட்டேன். சீலிங் இடிந்து விழவில்லை. வரைபடவியல் சார் வடைத் தட்டை நகர்த்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், அவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போனது, மேஜையைச் சுற்றி வந்தது, மற்ற ஆறு பேரும் பதினெட்டு வருஷமாகப் பாடத்தில் இருந்த புத்தகத்தை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தார்கள். ஞானதுரை சாரிடம் வந்ததும் அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஒத்துப் பார்த்தது நான்தானே மேடம்?" "ஆமா சார்." "நான் மூலத்தைப் பார்க்கல. பேரக் கேட்டதும் தலைய ஆட்டிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "அப்ப நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செஞ்சிருக்கோம்." இத்தனை மாதமாக நான் ஒற்றையாய்ச் சுமந்தது எவ்வளவு கனம் என்று அந்த ஒரு வார்த்தையில்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

ஒரு பெயரை மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே என்றார் கோதண்டம் சார், டைப்பிங் விவரமெல்லாம் மினிட்ஸில் வேண்டாம், பொதுவாகத் திருத்தம் என்று போட்டுவிடலாம் என்றார், நல்ல மனசோடுதான் சொன்னார். போட வேண்டும் சார் என்றேன். போடாவிட்டால் மற்ற ஐந்து கல்லூரிக்கும் எதை அனுப்புவது, அவர்கள் ஏன் மாற்றுவார்கள். சந்தியாகு சாருக்கு அவருடைய மண்வளத்தைத் திருப்பித் தர வேண்டும், அந்த அம்மாவுக்கு இதை. எட்டாவது கேள்விக்கு இரண்டு மார்க்கும் தர வேண்டும், ரிசல்ட் வந்துவிட்டால் என்ன, தேர்வு அலுவலருக்கு இன்றைக்கே நான் கடிதம் எழுதுகிறேன். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது, என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். "இந்தம்மா டாக்டரேட்டா? பேருக்கு முன்னால என்ன போடுறது?" என்றார் கோதண்டம் சார். "டீச்சர் சார் அவங்க. அட்டையில உள்ளபடி போட்டா போதும்." அப்புறம் ஷிபானாதான் கேட்டாள், யாருக்கும் தோன்றாத கேள்வி. "ஒரே ஒரு காப்பிதான் இருக்குன்னா பிள்ளைங்க எப்படி மேடம் படிப்பாங்க?" உண்மைதான். பட்டியலில் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பழையபடி யாரும் படிக்காமல் விட்டால் என்ன லாபம். நகல் எடுக்கலாம், திரும்ப அச்சிடலாம், ஆனால் எழுதியவரைக் கேட்காமல் முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வரியையும் நானே அடித்தேன். ஆறு, ஜே. சந்தியாகு. ஏழு, சு. உலகம்மாள். கண்ணை வரியை விட்டு எடுக்கவில்லை. பிறகு ஷிபானா வாசிக்க, ஞானதுரை சார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். பத்தாவது பேப்பருக்கு மாற்றமில்லை என்று சொல்ல வேண்டியவர் கொஞ்சம் தயங்கி, பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேனே என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து முத்துப்பேச்சிக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், அன்று உன்னிடம் பொய் சொன்னேன், சைபரும் நான்தான் போட்டேன் என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் மேடம்" என்றாள், அப்புறம், "டீச்சர் எங்க ஊர்லதான் இருக்காங்க, நம்பர் அனுப்புதேன்." வராந்தாவில் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம், வெயில் தூணுக்குத் தூண் பட்டை பட்டையாக விழுந்து கிடந்தது. நம்பரை அடித்துவிட்டு இரண்டு தடவை கட் பண்ணினேன். கூட்டத்தில் ஆறு பேர் முன்னால் சொன்னதைவிட இந்த ஒருத்தரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது தடவை மணி போனது. "சொல்லுங்க, யாரு பேசுதது?" கொஞ்சம் தடித்த, வகுப்பின் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கப் பழகின குரல். சொன்னேன். பெயரை மாற்றி அடித்தது, பதினெட்டு வருஷம், ஆறு கல்லூரி, கேள்வித்தாள், கைடு, ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், அழுவாரோ என்றும் பயம். "சரி" என்றார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும். நீங்க படிச்சீங்களா?" என்றார்.

"படிச்சேன் டீச்சர். ரெண்டு தரம் படிச்சேன்." "ம்" என்றார். நம்பவில்லை போலிருக்கிறது, யார்தான் நம்புவார்கள். என்ன சொன்னால் நம்புவார் என்று தெரியாமல், காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது தானாக வாயில் வந்துவிட்டது. "டீச்சர், நாப்பத்தொண்ணாம் பக்கத்துல மடை எட்டுன்னு எழுதியிருக்கீங்க. படத்துல எண்ணினா ஏழுதான் வருது. நான் எண்ணினது தப்பா?"

"தப்பில்ல" என்றார். குரல் சட்டென்று மாறிவிட்டது. "தப்பில்லம்மா, ஏழுதான் இருக்கு. எட்டாவது மடை புதருக்குள்ள கெடந்துச்சு, படம் அச்சுக்குப் போன பொறவுதான் பாத்தேன். எழுத்துல திருத்திட்டேன், படத்துல திருத்த முடியல. ஒருத்தராவது படிச்சா மொதல்ல இதத்தான் கேப்பாங்கன்னு நெனச்சேன். முப்பது வருசமாச்சு, ஒருத்தரும் கேக்கல." நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சிரிப்பு. "அது இன்னும் அங்கதான் இருக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, காட்டுதேன். எத்தன பேரு வாரீய?"

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஷிபானா ஒன்று, நான் ஒன்று, ஞானதுரை சாரும் வராமல் இருக்க மாட்டார். எல்லாரும் வாரோம் டீச்சர் என்றேன்.